ஜோங்லர் என்றால் யார்? ஒரு நாடோடிச் சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜோங்லர் என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

இடைக்கால பிரான்சில் ஊர் ஊராகப் போய் வேடிக்கை காட்டிப் பிழைத்தவருக்கு அந்தப் பெயர். பாடுவார், வாத்தியம் வாசிப்பார், வீரக்கதை சொல்வார், குட்டிக்கரணம் போடுவார், கத்தியை வீசிப் பிடிப்பார், குரங்கு ஆட்டுவார், பொம்மலாட்டமும் காட்டுவார். இதில் இரண்டு தெரிந்தவரும் ஜோங்லர்தான், எல்லாம் தெரிந்தவரும் ஜோங்லர்தான்.

நாம் குரங்காட்டி, கழைக்கூத்தாடி, செப்பிடுவித்தைக்காரர், கதாகாலட்சேபம் செய்பவர் என்று தொழிலுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம். 12, 13-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரருக்கு இத்தனைக்கும் ஒரே சொல் போதுமாக இருந்தது. அந்த ஒரே மூட்டை போகப் போகப் பிரிந்தது. மதிப்பான பங்கை எடுத்துக்கொண்டவர்கள் வேறு பெயருக்கு மாறிக்கொண்டார்கள். பழைய பெயரில் கடைசியாக மிஞ்சியது அந்தரத்தில் சுழலும் பந்து மட்டும். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்தப் பாகப்பிரிவினையைப் பற்றியவைதான்.

சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனில் 'யோகுஸ்' என்றால் வேடிக்கை, கேலிப் பேச்சு. ஆங்கிலத்தின் ஜோக் அதிலிருந்து வந்ததுதான். கேலி பேசுகிறவர் 'யோகுலாத்தோர்'. ரோமானிய அறிஞர் சிசெரோ ஒரு கடிதத்தில் வேடிக்கையாகப் பேசும் முதியவர் ஒருவரை இந்தச் சொல்லால் குறிப்பிடுகிறார். அப்போது அது தொழிலின் பெயர் இல்லை, குணத்தின் பெயர்.

இடைக்காலத்தில் பாதிரிமாரும் கணக்கு எழுதுகிறவர்களும் அதே லத்தீன் சொல்லைத் தொழில்முறைக் கலைஞருக்குப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். மக்கள் வாயில் அது ஊருக்கு ஊர் தேய்ந்தது. தென் பிரான்சின் ஒக்சிதான் மொழியில் ஜொக்லார், ஸ்பெயினில் ஹுக்லார், இத்தாலியில் ஜுல்லாரே, போர்ச்சுகலில் ஜொக்ரால், வட பிரான்சில் ஜொக்லெயோர். ஆள் எல்லை தாண்டிப் போனதைப் போலவே சொல்லும் போயிருக்கிறது.

லத்தீனில் இல்லாத 'ங்' நடுவில் எப்படி நுழைந்தது?

பழைய பிரெஞ்சில் 'ஜாங்லெ' என்று ஒரு வினைச்சொல் உண்டு. வாயாடுவது, வம்பளப்பது, பொய் சேர்த்துப் பேசுவது என்று பொருள். அப்படிப் பேசுகிறவர் 'ஜாங்லர்'. ஜொக்லெயோரும் ஜாங்லரும் ஒலியில் பக்கத்துப் பக்கத்து வீடுகள். இரண்டும் கலந்துதான் ஜோங்லர் ஆனது என்பது பரவலான விளக்கம். கலைஞரின் பெயருக்குள் வாயாடி ஒருவன் புகுந்து உட்கார்ந்துகொண்டான் என்றால், அந்தத் தொழிலைப் பற்றி ஊர் என்ன நினைத்தது என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது.

ட்ரூபடூரும் ஜோங்லரும் ஒன்றா?

இல்லை. இந்த இரண்டையும்தான் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒக்சிதானில் 'த்ரொபார்' என்றால் கண்டுபிடிப்பது, பாட்டுக் கட்டுவது. பாட்டைக் கட்டுகிறவர் ட்ரூபடூர், அதைக் கொண்டுபோய்ப் பாடுகிறவர் ஜோங்லர். நமக்குப் பெயர் தெரிந்த முதல் ட்ரூபடூர், தென்மேற்கு பிரான்சில் உள்ள அக்கித்தேனின் பிரபு ஒன்பதாம் கில்லெம் (1071–1126). பெரும் நிலப்பரப்பை ஆண்டவர். அவர் வீடு வீடாகப் போய்ப் பாடிக் காசு வாங்கியிருக்க வேண்டிய தேவையே இல்லை. ட்ரூபடூர் என்றாலே தோளில் வீணையோடு நடக்கும் நாடோடி என்பது பிற்காலக் கற்பனை.

பெர்த்ரான் தெ போர்ன் என்ற போர்க்குணம் மிக்க பிரபு தன் பாட்டின் முடிவில் பாப்பியோல் என்ற ஜோங்லரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இதை இன்னாரிடம் கொண்டுபோ என்று ஏவுகிறார். பிஸ்தொலேத்தா என்று இன்னொரு பாடகர். அந்தப் பெயருக்குச் 'சின்னக் கடிதம்' என்று பொருள். அச்சும் தபாலும் இல்லாத காலத்தில் பாட்டுக்குக் கால் முளைத்தது இவர்களால்தான்.

ஆனாலும் நடுவில் இருந்த வேலி உயரமானது இல்லை. கஸ்கோனிப் பகுதியிலிருந்து வந்த ஒரு ஜோங்லர் தானே பாட்டுக் கட்டினார், ட்ரூபடூர் வரிசையிலும் சேர்ந்தார். அவர் வைத்துக்கொண்ட பெயர் செர்க்கமோன், அதாவது உலகம் சுற்றுபவன். போக முடிந்த இடமெல்லாம் போனதால் அந்தப் பெயர் என்று அவருடைய பழைய வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது.

அப்படியானால் மின்ஸ்ட்ரல்?

அந்தச் சொல்லுக்கும் பாட்டுக்கும் பிறப்பில் சம்பந்தமே இல்லை. லத்தீன் 'மினிஸ்தெரியாலிஸ்' என்றால் பணியாள். அது பிரெஞ்சில் மெனெஸ்த்ரெல் ஆகி, அரண்மனையில் சம்பளத்துக்கு இருக்கும் இசைக்காரரைக் குறித்தது. மினிஸ்டர் என்ற சொல்லும் அதே குடும்பம்தான். அமைச்சரும் பாட்டுக்காரரும் சொல்லளவில் பங்காளிகள்!

வேலைக்காரன் என்பது தாழ்வான பெயர் மாதிரி நம் காதில் விழும். அன்றைக்கு நிலைமை நேர்மாறு. எஜமான் உள்ளவருக்குச் சாப்பாடும் துணியும் நிச்சயம், வழியில் யாரும் பிடித்து அடிக்க மாட்டார்கள். அதனால் கொஞ்சம் வசதி வந்த ஜோங்லர்கள் தங்களை மெனெஸ்த்ரெல் என்று சொல்லிக்கொள்வதையே விரும்பினார்கள்.

ஒரு நல்ல ஜோங்லருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி கிரோ தெ கலான்சோன் என்ற ட்ரூபடூர் ஒரு ஜோங்லருக்குப் புத்தி சொல்வதுபோல ஒரு பாட்டு எழுதினார். தம்பட்டம் என்ற தோல் கருவியைக் கொட்டத் தெரிய வேண்டும். சின்ன ஆப்பிள்களை வீசி இரண்டு கத்திகளால் பிடிக்கத் தெரிய வேண்டும். பறவைகள் மாதிரிக் கூவ வேண்டும், பொம்மலாட்டம் வேண்டும், வளையங்களுக்குள் பாய வேண்டும், ஒன்பது வாத்தியம் வாசிக்க வேண்டும். இதெல்லாம் போதாதென்று பழைய கதைகளின் நீண்ட பட்டியல் வேறு.

இது பாதிக் கிண்டல். அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் கிண்டல் எடுபட வேண்டுமென்றால் கேட்பவர்களுக்கு அந்த வித்தைகள் எல்லாம் பழக்கமாக இருந்திருக்க வேண்டுமே. பாட்டும் பந்துவீச்சும் ஒரே ஆளின் தொழில் என்பதில் அன்று யாருக்கும் வியப்பு இல்லை.

வீரக்கதைகளை எப்படிப் பாடினார்கள்? காசு எப்படிக் கிடைத்தது?

வில்லால் இழுத்து வாசிக்கும் வியேல் என்ற நரம்புக் கருவியை வைத்துக்கொண்டு பாடுவார்கள். ரோலான் என்ற வீரனைப் பற்றிய புகழ்பெற்ற கதைப்பாட்டு சுமார் 4,000 அடி. இதைவிட நீளமானவையும் உண்டு. ஒரே மூச்சில் முடிக்கிற காரியம் இல்லை.

ஹுவோன் தெ போர்தோ என்ற வீரனின் கதைப்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. பாடிக்கொண்டிருப்பவர் திடீரென்று கதையை நிறுத்திவிடுகிறார். பொழுது சாய்ந்துவிட்டது, எனக்குக் களைப்பாக இருக்கிறது, நாளைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு வாருங்கள் என்கிறார். அதோடு விடவில்லை. வரும்போது ஒவ்வொருவரும் சட்டை ஓரத்தில் ஒரு காசு முடிந்துகொண்டு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார். இது ஓலைக்கட்டில், அதாவது அவர்களுடைய தோல் ஏட்டில், கதையின் பகுதியாகவே பதிவாகிவிட்டது. முந்தானையில் காசு முடிந்து வைத்த பாட்டிமாரைப் பார்த்தவர்களுக்கு அந்த வரியை விளக்க வேண்டியதில்லை.

பிரபுக்கள் வீட்டில் காசைவிடத் துணியும் குதிரையும்தான் பரிசு. பிரபு உடுத்திய விலை உயர்ந்த உடை அப்படியே ஜோங்லர் தோளுக்குப் போகும். பிரான்சின் மன்னர் இரண்டாம் ஃபிலிப் இந்த வழக்கத்தைப் பிடிக்காமல், தன் பழைய உடைகள் இனி ஏழைகளுக்கே என்று முடிவெடுத்ததாக அவருடைய வரலாற்றை எழுதிய துறவி ரிகோர் பாராட்டுகிறார். ஜோங்லர்கள் பாராட்டியிருக்க மாட்டார்கள்.

குரங்குக் காசு என்று பிரெஞ்சில் சொல்கிறார்களே, அதற்கும் இவர்களுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 1268-ஐ ஒட்டி எத்தியென் புவாலோ என்ற பாரிஸ் நிர்வாகி நகரத்துத் தொழில்கள், சுங்கங்கள் பற்றிய விதிகளைத் தொகுத்தார். சேன் நதியின் சின்னப் பாலத்துச் சுங்கம் பற்றிய விதி இப்படிப் போகிறது: விற்பதற்காகக் குரங்கு கொண்டுவரும் வியாபாரி நான்கு தெனியே காசு கட்ட வேண்டும். குரங்கு ஜோங்லருடையது என்றால், சுங்கக்காரர் முன்னால் அது ஆடிக் காட்டினால் போதும். குரங்கு இல்லாத ஜோங்லர் ஒரு பாட்டின் சில அடிகளைப் பாடிவிட்டுப் போகலாம்.

குரங்குக் காசில் பணம் கட்டுவது என்ற பிரெஞ்சு வழக்கு இதிலிருந்து வந்தது என்பார்கள். இன்றைக்கு அதற்கு அர்த்தம், வாயால் சமாளித்துவிட்டுக் காசு தராமல் நழுவுவது. அன்றைக்கோ அது சட்டப்படி செல்லுபடியான கட்டணம்.

திருச்சபை இவர்களை எப்படிப் பார்த்தது?

கடுமையாக. 1100-ஐ ஒட்டி ஹொனோரியுஸ் என்பவர் எழுதிய ஒரு சமய நூலில் சீடன் கேட்கிறான்: ஜோங்லர்களுக்கு மீட்சி உண்டா? குரு சொல்கிறார்: கொஞ்சமும் இல்லை, அவர்கள் சாத்தானின் ஊழியர்கள். அதுவும் கேள்வி-பதில் வடிவத்தில் எழுதப்பட்ட நூல்தான் என்பதைச் சொல்லிவைக்கிறேன்.

ஒரு நூற்றாண்டு கழித்து, மக்களின் பாவ அறிக்கையைக் கேட்கும் குருமாருக்காக ஒரு கையேடு எழுதிய சொபாமின் தாமஸ் கொஞ்சம் இறங்கி வருகிறார். உடலை நெளித்து ஆபாசமாக ஆடுகிறவர்களுக்கு மன்னிப்பு இல்லை, மதுக்கடைகளில் பாடுகிறவர்களுக்கும் இல்லை. ஆனால் மன்னர்களின் வீரச் செயல்களையும் புனிதர்களின் வாழ்க்கையையும் பாடுகிறவர்களைப் பொறுத்துக்கொள்ளலாம் என்கிறார். கவனியுங்கள், மூட்டையைப் பிரிக்கும் வேலை இங்கேயே தொடங்கிவிட்டது.

இதற்குள் அசிசியின் பிரான்சிஸ் என்ற இத்தாலியப் புனிதர் ஒரு காரியம் செய்தார். தன் சகோதரத் துறவிகளிடம், மக்களுக்குப் போதித்துப் பாடி முடித்ததும் "நாங்கள் ஆண்டவரின் ஜோங்லர்கள்" என்று சொல்லச் சொன்னார். வசைச் சொல்லையே வாங்கிச் சட்டையாகப் போட்டுக்கொண்டார்.

சட்டத்தில் இவர்களுக்கு என்ன இடம்?

ஜெர்மன் பகுதியில் 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐகே ஃபோன் ரெப்கோ தொகுத்த சாக்சன் சட்டநூலில், ஜோங்லரின் ஜெர்மன் உறவினரான 'ஷ்பீல்மான்' என்பவருக்கு ஒரு விதி உண்டு. அவருக்கு ஒருவன் தீங்கு செய்தால் நஷ்டஈடாகக் கிடைப்பது ஒரு மனிதனின் நிழல். அதாவது எதிராளியின் நிழலிடம் நியாயம் தேடிக்கொள்ள வேண்டியதுதான். மற்றவர்களுக்குப் பணம், இவர்களுக்கு நிழல். இதைவிட அழகாக ஒருவரை அவமானப்படுத்த முடியாது.

பெண்களும் இருந்தார்களா?

இருந்தார்கள். பிரெஞ்சில் ஜோங்லரெஸ் என்று பெயர். 1086-இல் இங்கிலாந்தில் எடுத்த டூம்ஸ்டே நிலக்கணக்கில் ஹாம்ப்ஷயரில் அதெலினா என்ற பெண் கலைஞர் பெயரில் நிலம் இருக்கிறது. அதே கணக்கில் க்ளஸ்டர்ஷயரில் பெர்திக் என்பவர் 'மன்னரின் யோகுலாத்தோர்' என்ற பட்டத்தோடு ஊர்களையே வைத்திருக்கிறார். எல்லோரும் பரதேசிகளாகத் திரியவில்லை. அப்புறம் மெட்டில்டா மேக்ஜாய் என்றொரு நடனக்காரி. 1306-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் நடத்திய பெரிய விருந்தின் கணக்கில் பணம் வாங்கியவர்களில் அவரும் ஒருவர். மகிழ்ச்சி உண்டாக்குபவள் என்று பெயர் வைத்துக்கொண்டவர் விளம்பரம் தெரிந்தவர்தான்.

ஜோங்லர் போர்க்களத்துக்கும் போனாரா?

1066-இல் இங்கிலாந்தில் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரில், பிரான்சிலிருந்து படையெடுத்து வந்த நோர்மன் படைக்கு முன்னால் தய்யஃபேர் என்பவர் தனியாகப் போனார் என்று பல பழைய நூல்கள் சொல்கின்றன. கவிஞர் வாஸ், அவர் ரோலானின் கதையைப் பாடிக்கொண்டு போனார் என்கிறார். அவருக்கு முன்பே எழுதிய கெய்மார், தய்யஃபேரை ஜோங்லர் என்றே அழைக்கிறார். ஈட்டியைக் குச்சிபோல மேலே எறிந்து, இரும்பு முனையைப் பிடித்து, மூன்று முறை அப்படிச் செய்தாராம். அப்புறம் வாள். எதிரிப் படை வாய் பிளந்து பார்த்தது. நடந்ததா, கதை சேர்ந்துகொண்டதா என்பது வேறு. ஒருவர் பாடகர் என்கிறார், இன்னொருவர் வித்தைக்காரர் என்கிறார். அன்றைய ஜோங்லருக்கு இரண்டும் பொருந்தும் என்பதால் இதில் முரண்பாடே இல்லை.

இந்தப் பெயரை யாராவது ஒழுங்குபடுத்த முயன்றார்களா?

முயன்றார்கள், அரசனிடம் மனுவே கொடுத்தார்கள். நர்போனைச் சேர்ந்த கிரோ ரிக்கியே என்ற ட்ரூபடூர் 1274-இல் இன்றைய ஸ்பெயினில் இருந்த காஸ்தீல் நாட்டின் மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோவுக்கு ஒரு நீண்ட செய்யுள் விண்ணப்பம் எழுதினார். அவருடைய ஆதங்கம் இதுதான்: வணிகர், உழவர், வீரர் என்று ஒவ்வொருவருக்கும் தரத்துக்கு ஏற்பப் பெயர் இருக்கிறது. எங்கள் தொழிலில் மட்டும் தெருவில் குரங்கு ஆட்டுகிறவனும், கஷ்டப்பட்டுச் செய்யுள் கட்டுகிறவனும் ஒரே பெயரில் கிடக்கிறோம். பெயரைப் பிரித்துக் கொடுங்கள்.

1275-இல் மன்னர் பெயரில் பதில் வந்தது. அதுவும் செய்யுள். ரிக்கியேயே எழுதியிருக்கலாம் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. கேள்வியும் நானே பதிலும் நானே என்பது மாதிரி. பதிலின் சாரம்: தெருவில் குரங்கு, ஆடு, நாய் வைத்து ஆட்டுகிறவர்களும் பொம்மை காட்டுகிறவர்களும் இனி 'புஃபோன்', அதாவது கோமாளி. அவையில் பண்போடு வாசித்துப் பாடுகிறவர் ஜோங்லர். செய்யுளும் மெட்டும் கட்டுகிறவர் ட்ரூபடூர். அவர்களிலும் சிறந்தவர் 'பாட்டுக் கலையின் டாக்டர்'.

பாவம், ரிக்கியே நேரம் கடந்து கேட்டார். ட்ரூபடூர்களின் பொற்காலம் அப்போதே முடிந்துவிட்டது. அவரையே கடைசி ட்ரூபடூர்களில் ஒருவராகத்தான் சொல்வார்கள். ஊர் ஜனங்கள் அரச ஆணையைப் பார்த்தா பெயர் வைப்பார்கள்? ஜோங்லர் என்ற பெயரை உயர்த்த வேண்டும் என்று அவர் விரும்பினார். பெயரோ எதிர்த் திசையில், அவர் வெறுத்த அதே வித்தைக்காரரை நோக்கியே நடந்தது.

இவர்களுக்குச் சங்கம் இருந்ததா?

பாரிஸில் 1321 செப்டம்பர் 14 அன்று 37 பேர் சேர்ந்து சங்க விதிகளை ஏற்றுக்கொண்டார்கள். ஆண்களும் பெண்களும் அதில் உண்டு. அவர்கள் குடியிருந்த தெருவுக்கே ஜோங்லர் தெரு என்று பெயர். விதிகளைப் படித்தால் கல்யாண மேளக்காரர் சங்கம் மாதிரியே இருக்கிறது. ஒருவர் ஆள் பேச வந்தால் மற்றவர்கள் குறுக்கே விழுந்து 'என்னைக் கூப்பிடுங்கள்' என்று சொல்லக் கூடாது. வந்தவர் யாரை விரும்புகிறாரோ அவரிடமே போகட்டும். ஒப்புக்கொண்டுவிட்டு நமக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பக் கூடாது.

1321 ஆவணத்தில் மெனெஸ்த்ரெல், ஜோங்லர் என்ற இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. 1407-இல் புது விதி எழுதியபோது அது வாத்தியக்காரரான மெனெஸ்த்ரெல்களின் சங்கமாகவே ஆகிவிட்டது. தெருவின் பெயரும் பின்னால் மெனெத்ரியே தெரு என்று மாறியது. பெயர்ப்பலகை முதல் மாறிவிட்டது என்றால் பாகப்பிரிவினை முடிந்தது என்று அர்த்தம்.

தவக்காலத்தில் ஆடல் பாடல் கூடாதே, அப்போது என்ன செய்வார்கள்?

படிப்பார்கள். 14-ஆம் நூற்றாண்டில் தவக்காலத்தின்போது இசைக்காரர்கள் ஏதாவது ஒரு நகரில் கூடுவது வழக்கம். புதுப் பாட்டு, புது வாத்தியம், மற்ற ஊர்ச் சரக்கு எல்லாம் அங்கே கைமாறும். எஜமான்களே வழிச்செலவு கொடுத்து அனுப்பியதற்குக் கணக்குகள் இருக்கின்றன.

ஆங்கிலத்தின் ஜக்லரும் இதே சொல்தானா?

ஆமாம். ஆங்கிலத்தில் இந்தச் சொல் இடைக்காலத்திலேயே வந்து, முதலில் கோமாளி, மாயவித்தைக்காரர், ஏமாற்றுக்காரர் என்றெல்லாம் பொருள்பட்டது. பந்து வீசுகிறவர் என்று மட்டும் சுருங்கியது மிகவும் பின்னால், 19-ஆம் நூற்றாண்டை ஒட்டி. வேடிக்கை என்னவென்றால், 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கில அறிஞர்கள் பழைய பாடகரைக் குறிக்க ஜோங்லர் என்ற பிரெஞ்சு வடிவத்தைத் தனியாக மறுபடி கடன் வாங்கினார்கள். வீட்டில் இருந்த பிள்ளையை அடையாளம் தெரியாமல் வெளியிலிருந்து அவனையே தத்தெடுத்த கதை.

பொருள் சுருங்கிய காலத்தில் நம் பக்கத்து ஆட்களும் மேடையில் இருந்தார்கள். 1810-களில் லண்டனில் இந்திய ஜக்லர்கள் என்ற விளம்பரத்தோடு வந்த கலைஞர்களுக்குக் கூட்டம் கூடியது. 1821-இல் கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட் அவர்களில் ஒருவர் நான்கு பித்தளைப் பந்துகளை வீசிப் பிடித்ததை வியந்து எழுதினார். அந்தக் காலத்து ஆட்களில் பெயர் பெற்றவர் ராமோ சாமி. ராமசாமி என்று நம் வாய் தானாகத் திருத்திக்கொள்ளும். 1850-இல் லண்டனிலேயே இறந்தார்.

தமிழில் ஜோங்லரைப் பாணர் என்று மொழிபெயர்க்கலாமா?

நான் செய்ய மாட்டேன். யாழோடு வழிநடந்து, புரவலரைப் பாடிப் பரிசில் பெற்றவர் என்ற அளவில் ஒற்றுமை கண்ணில் படும். ஆனால் பாணர்கள் ஓராயிரம் ஆண்டு முந்தையவர்கள், இருவருக்கும் வரலாற்றுத் தொடர்பு கிடையாது. பாணர் கையில் குரங்கையும் கத்தியையும் கொடுத்தால் வாசகர் குழம்பிப்போவார். கழைக்கூத்தாடி என்று போட்டால் பாட்டு காணாமல் போய்விடும். கூத்தாடி என்ற சொல் மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் வருகிறது. ஆட்டம், பாட்டு, வித்தை எல்லாம் அதில் அடங்கும், கூடவே ஊர் அதைச் சொல்லும்போது உதட்டோரம் வரும் இளக்காரமும் இருக்கிறது. முதல் தடவை ஜோங்லர் என்றே எழுதி, அடுத்து ஒரு வரியில் நாடோடிக் கூத்தாடி என்று சொல்லிவிட்டுப் போவதுதான் என் வழக்கம்.